சாவியால் கீறிய பெயர்

“இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு அண்ணே,” என்று மொட்டைப் பாறை கெஞ்சியது. ஒற்றை ஆணியில் நின்ற வழிகாட்டிப் பலகை காற்றோடு திரும்பிக் கொடுத்தது.

அந்தப் பொட்டல் காட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எதிரிலிருந்த ஓவியப் பாறையைத்தான் பார்ப்பார்கள். அன்று வந்த வேன் பலகை காட்டிய பக்கம் போய் மொட்டைப் பாறையிடம் நின்றது. இறங்கியவர்கள் ஓவியத்தைத் தேடிச் சலித்தார்கள். ஒருவன் சாவியால் ‘செல்வின்’ என்று அதன்மேல் கீறிவிட்டுப் போனான்.

“இந்தக் கிறுக்கலுக்கா இவ்வளவு பாடு?” என்றது ஓவியப் பாறை.

“ஏன், உனக்கு வயிற்றெரிச்சலா?”

“வலித்ததா?”

“இல்லை. உள்ளங்கையை என்மேல் ஊன்றிக்கொண்டுதான் எழுதினான். சூடாக இருந்தது.”

ஓவியப் பாறையைச் சுற்றிக் கம்பிவேலி இருந்தது. அந்தப் பாறையை யாரும் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சில நாள் கழித்து அது தன் உச்சியிலிருந்த பெரிய கல்லை வேலியின்மேல் உருட்டிவிட்டது.