கண்காணிப்பு மட்டும்

"நிறுத்துங்க! ஓட்டெடுப்பு வேண்டாம்!"

உயரப் போன கைகள் பாதியில் நின்றன. மேசையின் மறுகோடியில் எழுந்து நின்றவளை இளையவன் திரும்பிப் பார்த்தான்.

அண்ணி!

அவனும் அண்ணனும் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய, எல்லா நிறுவனங்களும் பின்பற்றப்போகும் தர ஆவணம் அது. நெட்வொர்க் கருவிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று ஒரே இடத்திலிருந்து கேட்டறியும் முறை. தலைப்பு ஒன்றுதான் பாக்கி. சாப்பாட்டு இடைவேளைக்குள் நிறைவேறாவிட்டால் அடுத்த கூட்டம் அடுத்த வருடம்தான்.

இந்த நேரம் பார்த்து அண்ணனையும் காணோம். போட்டி நிறுவனத்தின் பிரதிநிதியாக அண்ணி மட்டும் குத்துக்கல் மாதிரி நிற்கிறாள்.

"'நெட்வொர்க் கருவிகளின் மேலாண்மை'ங்கிறது தப்பு," என்றாள். "மேலாண்மைன்னா கருவியை நிறுத்தலாம், ஓட விடலாம். இந்த ஆவணம் எட்டி நின்னு பார்க்கும், அவ்வளவுதானே?"

"ஆமா. அதுக்கென்ன?" என்றார் கூட்டத் தலைவர்.

"அப்போ 'கண்காணிப்பு'ன்னு போடுங்க."

"போட்டாச்சு! ஓட்டுக்கு விடலாமா?"

"இருங்க. கருவின்னா எது? பிரிண்டரும் கருவிதான். 'சுவிட்சுகள்'னு போடுங்க."

"சரி!"

"ஃபேன் சுவிட்சா?"

"அம்மா, தாயே!" தலைவர் தலையில் கை வைத்தார். "நெட்வொர்க் சுவிட்ச்! கம்ப்யூட்டர்களை இணைக்கிற பெட்டி! எனக்குப் பசி காதை அடைக்குது."

"மாமியார் வீட்டுச் சண்டையை இங்கே ஏம்மா இழுக்கறீங்க?" என்று யாரோ குரல் கொடுக்க, அறையே சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். உட்காரவில்லை.

இளையவன் நைசாக நகர்ந்து அவள் பக்கத்தில் போனான். "அண்ணி, காலையில ஒரே கார்லதானே வந்தோம்? அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"காலையில தோணல தம்பி. இப்பத்தான் தோணுது." உடனே குரலை உயர்த்தினாள். "'கண்காணிப்பு மட்டும்'னு இருக்கணும். நாளைக்கு யாரும் ஏமாறக் கூடாது பாருங்க."

'மட்டும்' முன்னால் வருமா, பின்னால் வருமா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. கடிகார முள் உச்சியை நெருங்கியது. இளையவனின் சட்டை வியர்வையில் நனைந்தது.

சட்டென்று கைபேசியைப் பார்த்தாள் அண்ணி. "எனக்கு இனி ஆட்சேபணை இல்லை," என்று பொத்தென்று உட்கார்ந்தாள்.

கைகள் பறந்தன. "நிறைவேறியது!" என்றார் தலைவர். "இந்த நொடியிலேர்ந்து உள்ளே ஒரு புள்ளியைக்கூட யாரும் மாத்த முடியாது."

வராந்தாவில் அவளை மடக்கினான் இளையவன். "இப்போ திருப்தியா? ஆவணத்துக்குப் பொருத்தமான தலைப்பு கிடைச்சிடுச்சா?"

"நான் 'கண்காணிப்பு'ன்னு சொன்னப்போ அது பச்சைப் பொய், தம்பி. நீங்க எழுதினதுல ஒரு வரி, வெளியிலேர்ந்து யார் வேணாலும் சுவிட்சை நிறுத்தலாம்னு வழி விட்டிருந்துது. கூட்டம் ஆரம்பிச்சப்புறம்தான் கண்ணுல பட்டுது. சபையில சொன்னா ஆவணமே திரும்பிப் போயிடும், ஒரு வருஷம் போச்சு."

"அப்போ... அந்த வரி?"

அவள் கைபேசியை நீட்டினாள். அண்ணன் அனுப்பியிருந்தான்: 'பக்கத்து ரூம்ல உட்கார்ந்து அந்த வரியைத் திருத்தி, ஓட்டுக்கு முன்னாடியே ஏத்திட்டேன். இனி நீ வாயை மூடலாம்.'