கடலுக்குள் நகர்ந்த வீடு

ஆளில்லாத ஆம்புலன்ஸ் படகு கரைக்கு வராமல் கடலுக்குள்ளேயே நின்று ஏன் ஹாரன் அடித்தது என்று ரெஜினாவுக்கு விளங்கவே இல்லை. மன்னார்க் கரையில் நெஞ்சு வலியோடு கிடந்த அவள் கணவர் சூசைதாசனை ஏற்றாமலே அது திரும்பிப் போனது. அவர் இறந்துபோனார்.

கடலின் இருபுறத்து நாடுகளும் சேர்ந்து அமைத்த ஒன்றியத்தின் வரைபட அலுவலகத்தில் வேலை செய்யும் தம்பி யூஜின் போனில் விளக்கினான்.

"ரெண்டு நாடும் வேற வேற இடத்திலயிருந்து அளந்ததக்கா. படங்களை ஒண்டாத் தைக்கேக்க எல்லைக் கரை இழுபட்டுப் போச்சு. இப்ப படத்திலை உன்ரை வீடு கடலுக்கை நிக்குது. படகு அந்தப் படத்தைப் பாத்துத்தான் ஓடுது."

"அப்ப மீனுக்கோ வைத்தியம் பாக்கப் போறியள்? வீட்டை இஞ்சால தள்ளிவிடன்ரா."

"ரெண்டு அரசும் கையெழுத்து வைக்கவேணும். வருசக்கணக்காகும்."

"என்ரை மகளுக்கு அடுத்த மாசம் பிள்ளை பிறக்கப்போகுதடா!"



அன்று படகு நின்ற இடத்தில் ஊரார் பீப்பாய்களைக் கட்டி ஒரு மிதவையை நங்கூரமிட்டார்கள். வலி எடுத்ததும் மகளை வள்ளத்தில் கொண்டுபோய் அதில் கிடத்தினார்கள். அலை அவள்மேல் அடிக்க, ரெஜினா அவளை இறுகப் பிடித்துக்கொண்டாள். படகு நேராக வந்து மிதவையோடு ஒட்டி நின்று கதவைத் திறந்தது.

இப்போது அந்தக் கரையில் யாருக்கு நோய் வந்தாலும், முதலில் கடலில் கொண்டுபோய்க் கிடத்திவிட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார்கள்.