கால் வைக்க மாட்டேன்

"அந்த நாட்டுல துப்பாக்கிச் சட்டத்தை மாத்துற வரைக்கும் நான் அங்க சுற்றுலாவுக்குக் கால் வைக்க மாட்டேன்."

டிரைவிங் ஸ்கூல்காரர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் போட்டதும் பாராட்டு குவிந்தது. மனைவி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் அங்கிருந்து டிக்கெட் போட்டுத் தர்றேன்னு எத்தனை வருஷமா கூப்பிடுறார். கொள்கையாம், கொள்கை."

"கடைத்தெருவுல நிம்மதியா நடக்க முடியாத ஊருக்கு எதுக்குடி சுத்திப் பார்க்கப் போகணும்?"

அதோடு விட்டாரா? துப்பாக்கிச் சூட்டுச் செய்தியாகத் தேடித்தேடி தினமும் குழுவில் போட்டுத் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானே போனில் கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது.

"மாப்பிள்ளை, எங்க கண்ணைத் திறந்துட்டீங்க. இங்க இனிமே இருக்க மாட்டோம். வேலையை விட்டுட்டு நிரந்தரமா அங்கயே வந்துடுறோம். உங்க வீட்டு மாடி காலிதானே? டிரைவிங் ஸ்கூலையும் சேர்ந்தே பார்த்துக்கலாம்."

மச்சான் லேசுப்பட்டவரா? போன தடவை வந்திருந்தபோது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டிரைவிங் ஸ்கூல்காரருக்கே கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்த மனுஷன். அந்த வாய்க்குப் பயந்து பிறந்ததுதான் இந்தக் கொள்கையே.

டிரைவிங் ஸ்கூல்காரர் முந்திக்கொண்டு சொன்னார்:

"அவசரப்படாதீங்க மச்சான். நல்லா யோசிச்சுப் பார்த்தா, வீட்டுல ஒரு துப்பாக்கி இருக்கிறதும் ஒரு பாதுகாப்புதானே?"