ஒரு புள்ளிகூடத் தொடாதே

"ஆறரைக்கு ரயில். நான் கிளம்பிட்டேன். நீ வர்றியா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரு காலில் பச்சை சாக்ஸ், மறு காலில் பழுப்பு. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சிவப்பு, பச்சை வித்தியாசம் பிறவியிலிருந்தே தெரியாது. கல்யாணமான புதிதில் அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இன்று சிரிக்கவில்லை. மேசைமேல் புதுக் கம்ப்யூட்டர். பதிப்பகத்தில் எல்லோரும் இந்த வகைக்கு மாறிவிட்டார்கள், படம் வரைகிறவளும் மாறியே ஆகவேண்டும். பழையது தன் ஸ்கிரீனோடு தரையில் உட்கார்ந்து, இத்தனை வருஷப் படங்களையும் ஒவ்வொன்றாய்ப் புதியதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"பிரஸ்ஸை வித்துட்டு, உன் தம்பி ஊரை விட்டே போறான். இனிமே மகன் வீட்டோடதான். அடுத்து எப்பப் பார்ப்பியோ."

"அம்மா படத்தைக் கெடுத்தது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்படியே ஓடி வர்றேன்."

"அவன் சொல்ல மாட்டான், நீ விட மாட்டே. நடுவுல நான் ரெண்டு வீட்டுக்கும் தபால்காரன்." ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தம்பி அச்சகம் வைத்திருந்தவன். அவள் வரைந்த புத்தக அட்டைகளை எல்லாம் அவன்தான் அச்சடித்தான். ஸ்கிரீனில் எப்படியோ அப்படியே தாளிலும் வந்து நிற்கும். வீட்டில் அவளுக்கு 'கலர்' என்றே பட்டப்பெயர். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு நிறம் போகாது என்பதில் அவளைவிடத் தம்பிக்குத்தான் பெருமை.

அம்மா போனபிறகு, அம்மாவின் முகத்தை வரைந்து அவனுக்கு அனுப்பினாள். "இது அம்மாடா. ஒரு புள்ளிகூடத் தொடாதே. நான் வரைஞ்சது வரைஞ்சபடியே வரணும்."

பிரேம் போட்டு வந்தது. கூடியிருந்த உறவுக்காரர்களில் ஒருத்தி, "ஏன் இப்படிப் பச்சை பாரிச்சுக் கிடக்காங்க?" என்று கேட்டுவிட்டாள். அத்தனை பேர் நடுவில் இவள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஊரார் புஸ்தகமெல்லாம் பூ மாதிரி அடிப்பே. பெத்தவ முகம்னா அசட்டையா?"

"நீ அனுப்பினதை அப்படியேதான் போட்டேன்க்கா" என்றான்.

"பழியை என் தலையில கட்டறியா? இனிமே என் மூஞ்சியில முழிக்காதே."

அவன் மறுபேச்சுப் பேசாமல் போனான். அதற்கப்புறம் எந்த அச்சகத்திலும் அவளுக்கு நிறம் சரியாக அமையவில்லை. போன இடமெல்லாம் சண்டை. தம்பி வாய்விட்டுச் சபிக்காவிட்டாலும் மனசுக்குள் சபித்திருப்பான் என்று நினைத்துக்கொள்வாள்.

பழைய கம்ப்யூட்டர் வேலையை முடித்தது. புதியதில் முதல் படத்தைத் திறந்தாள். ஒரு கோடு பிசகியது. அதை மாற்றப் பழைய பழக்கத்தில் விரல் போய்க் கீபோர்டில் ஒரு விசையை அழுத்த, படமே மூடிக்கொண்டது. "உனக்கும் எனக்கும் ஒத்துப்போக நாளாகும் போல" என்று முனகியபடி மறுபடி திறந்தாள்.

படகில் உட்கார்ந்திருக்கும் சிறுமி. இவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அட்டை. சிறுமியின் கன்னம் பாசி படிந்ததுபோல் இருந்தது.

அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். புத்தகத்தில் கன்னம் ரோஜாப்பூ. தரையிலிருந்த பழைய ஸ்கிரீனிலும் ரோஜாப்பூதான். இன்னொரு படம் திறந்தாள். இன்னொன்று. புதியதில் அத்தனை முகமும் பச்சை, புத்தகங்களில் அத்தனையும் அழகு.

"கண் அவிஞ்ச மெஷினைத் தலையில கட்டிட்டாங்க" என்று சலித்துக்கொண்டாள்.

நன்றாக இருட்டியபிறகு கணவர் திரும்பினார். விளக்கைப் போட்டுவிட்டு, கேட்காமலே சொன்னார். "ஏத்திவிட்டுட்டு வந்தேன். வண்டி நகர்ற வரைக்கும் படிக்கட்டுலயே நின்னான். யாரைத் தேடறான்னு எனக்குத் தெரியாதா?"

"ஒண்ணும் சொல்லலையா?" என்றாள்.

"உன்னைப் பத்தித்தான் கேட்டான். நீ வேற கம்ப்யூட்டருக்கு மாறிட்டதாச் சொன்னேன். அந்தப் பழைய ஸ்கிரீனும் போயிடுச்சான்னான். போயிடுச்சுன்னேன். 'நல்லதாப் போச்சு அத்தான். அது எல்லாத்தையும் சிவப்பாக் காட்டும். அதை நம்பி அக்கா சிவப்பைக் குறைச்சுக் குறைச்சு வச்சிடும்'னான். எனக்கு என்ன எழவு புரியும்? என்கிட்டப் போய்ச் சிவப்பு பச்சைன்னா."

அவள் எழுந்தாள். அலமாரியின் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த பிரேமை இழுத்து, தூசியை முந்தானையால் துடைத்தாள். புதுக் கம்ப்யூட்டரில் அம்மாவின் படத்தைத் திறந்து, பிரேமை அதன் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

இரண்டு அம்மாவும் ஒரே பச்சை. அணுவளவும் வித்தியாசமில்லை.

"போன் போட்டுத் தரவா?" என்றார் கணவர். அவள் புத்தக அட்டையில் படகுச் சிறுமியின் ரோஜாக் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவள் அனுப்பிய படம் ஒவ்வொன்றிலும் சிவப்பை ஏற்றி, ஏற்றியதை அவளிடம் மூச்சுக்கூட விடாமல் அச்சடித்தவன், அக்காவின் பேச்சைத் தட்டாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.