முதலில் வருபவனுக்கு மட்டும்

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கிய வீரணனின் முதுகில் பொத்தென்று ஒரு செருப்பு வந்து விழுந்தது. எறிந்தவள் வேறு யாருமில்லை, அவன் பெண்டாட்டி பாண்டியம்மாள்.

"தூ! இருவத்தி மூணு நாளு நாங்க கம்பெனி கேட்டு முன்னால பட்டினி கெடந்தது இதுக்குத்தானா? ஆம்பளையா நீ?"

வீரணன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும் போலிருந்தது.

பனியன் கம்பெனி முதலாளி ஜெர்மனிக்குப் போனபோது பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்த பந்தயம் அது. குளத்தை நீந்திக் கடந்து, ஊத்துக்குளி ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, கடைசி இரண்டு கிலோமீட்டரை ஓடி, கம்பெனிக்குள் போய் முடிக்க வேண்டும். ஆண்டு விழாவுக்கு வருடா வருடம் நடப்பதுதான். இந்த வருடம் கூலி உயர்வு கேட்ட முந்நூறு பேரையும் வெளியே தள்ளிக் கேட்டைப் பூட்டிய பிறகும் பந்தயத்தை மட்டும் அவர் விடவில்லை. அவ்வளவு வீம்பு.

மறுநாள் காலையில் லாரிகள் வருகின்றன. மெஷின்களைக் கழற்றி அருள்புரத்துப் புதுக் கட்டடத்துக்கு ஏற்றிவிட்டால் முந்நூறு பேர் பிழைப்பிலும் மண்தான். பந்தயத்தில் ஜெயிப்பவனுக்கு மட்டும் அங்கே சூப்பர்வைசர் வேலை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பந்தயத்தில் சேர வேண்டுமானால், 'எனக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமில்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். சங்கத்திலிருந்து போய்ப் போட்டவன் வீரணன் ஒருவன்தான்.

அவனுக்கு ஒன்றும் ஆசை பொங்கி வழியவில்லை. முந்தாநாள் வரை, "நமக்கு இதெல்லாம் ஆகாது" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். வேலையில்லாத நாட்களில் சந்தையில் மூட்டை தூக்கியதில் தொடை இரண்டும் ஏற்கெனவே செத்துப் போயிருந்தன. வைகைக் கரையில் பிறந்தவன் என்பதால் நீச்சலில் முந்தினான். அந்த முன்னிலையை வாடகைச் சைக்கிள் தின்றுவிட்டது.

முன்னால் ஓடிய கன்னையன் முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "ஊட்டுக்குப் போடா! மூட்டை தூக்கறவனுக்குச் சூப்பர்வைசர் சேர் கேக்குதா?"

பக்கத்திலேயே டிவிஎஸ் ஐம்பதில் வந்துகொண்டிருந்த மேனேஜர் அங்கமுத்துவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாடா வீரணா? உம்பட பொண்டாட்டியே செருப்பால அடிச்சுப்போட்டா. இனி உனக்கு நாங்கதான் கதி."

ரோட்டின் இரண்டு பக்கமும் சங்கத்து ஆட்கள் நின்றார்கள். ஒரு கையில் கறுப்புத் துணி, மறு கையில் சோற்றுத் தூக்குப்போசி. பெண்கள் சேலையை வரிந்து கட்டியிருந்தார்கள்.

"கருங்காலி! கருங்காலி!"

அவன் தாண்டத் தாண்ட, நின்றவர்களும் அவன் பின்னாலேயே ஓடி வந்தார்கள். யாரோ துப்பிய எச்சில் கன்னத்தில் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. அவமானமாக இருந்தது. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து அழலாம் என்றுகூட இருந்தது.

"ஓடுறதப் பாரு, நொண்டி நாயி!" பாண்டியம்மாளின் குரல் விடாமல் துரத்தியது. வீரணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான்.

டீக்கடைத் திருப்பத்தில் கன்னையன் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். வீரணன் அவனைத் தாண்டினான். கன்னையன் நிமிர்வதற்குள் திட்டிக்கொண்டு வந்த கூட்டம் ரோட்டை அடைத்துவிட்டது. அவனுக்கு வழியே கிடைக்கவில்லை.

கம்பெனி வாசலில், கேட்டுக்கு உள்பக்கம், முதலாளி மாலையோடு நின்றார். பக்கத்தில் போட்டோக்காரர். சங்கத்து ஆட்கள் மேல் இருந்த பயத்தில் உத்தரவு கறாராகப் போயிருந்தது. முதலில் வருபவனுக்கு மட்டும் கேட் திறக்க வேண்டும், அவன் உள்ளே வந்த மறுநொடி சாத்திவிட வேண்டும். இருபத்து மூன்று நாளாகத் திறக்காத இரும்புக் கேட் கிறீச்சிட்டு விரிந்தது.

வீரணன் வாசலில் கட்டியிருந்த ரிப்பனை நெஞ்சால் அறுத்தான். அடுத்த அடி எடுத்து வைக்கவில்லை. கேட் மூடுகிற கோட்டிலேயே குறுக்கே விழுந்தான்.

"சாத்துங்கடா!" என்று அலறினார் அங்கமுத்து.

வாட்ச்மேன்கள் தள்ளிய கதவு வீரணனின் இடுப்பில் இடித்து நின்றது. "ஆளு குறுக்கால கெடக்கறானுங்க!"

மேனேஜர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தார். "எந்திரிடா! பின்னால பாரு, உன்னைக் கொன்னே போட்டுருவாங்கடா!"

"காலு வரலைங்க சார்" என்றான் வீரணன். அதில் பொய்யே இல்லை.

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. ஒரு கைகூட அவன்மேல் படவில்லை. தூக்குப்போசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக அவனைத் தாண்டிக் குதித்து, முதலாளியையும் மாலையையும் கடந்து, மெஷின்கள் இருக்கும் பக்கம் ஓடினார்கள்.

ஒற்றைச் செருப்போடு வந்த பாண்டியம்மாள் மட்டும் நின்றாள். குனிந்து, முந்தானையால் அவன் கன்னத்து எச்சிலைத் துடைத்தாள்.

"எந்திரிச்சிராத மாமா, இன்னும் நூறு பேரு உள்ள வரணும்!"