பன்னிரண்டு கிலோ

ஓடுதளத்தின் ஓரத்தில், ஓலைக் கொட்டகைக்குள், மரேவா ஆளையும் மூட்டையையும் ஒரே தராசில் ஏற்றி எடை போடுகிறாள். வெளியே குட்டி விமானம் வெயிலில் கொதிக்கிறது. "பன்னிரண்டு கிலோ கூடுது பெரியவரே. உங்க கூடை இறங்கணும்." தலைநகர் தாராவாவில் பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்குக் கிழவர் தெபானோ அனுப்பும் கருவாட்டுக் கூடை அது. கிழவரின் பார்வை, அதே விமானத்துக்கு வரிசையில் நிற்கும் வெள்ளைக்காரனின் கனத்த பையை விட்டு நகரவில்லை. "அதுல என்ன, கல்லா? திறக்கச் சொல்லு." பை திறக்கிறது. உள்ளே மினுங்குபவை தண்ணீர் பாட்டில்கள். "இளநீ ஊருக்குத் தண்ணி கொண்டாந்து, திரும்பவும் தூக்கிட்டுப் போறான் பாரு!" கொட்டகையே சிரிக்கிறது. அவனும் சிரித்தபடி பாட்டில்களை மணலில் அடுக்குகிறான். கூடை ஏறுகிறது. தெபானோ இளநீரைச் சீவி அவனிடம் நீட்டுகிறார். "ஐயோ, எடை கூடிடும்!" என்கிறாள் மரேவா. "அவனைத்தான் ஏற்கெனவே எடை போட்டாச்சே. நீ குடிடா" என்கிறார் கிழவர்.