ஒய்யாரம்

மாமியாரின் கண்ணில் ஏதாவது கோளாறு இருந்துவிட்டால் போதும் என்று சுழி மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தான். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு கண்ணாடியோடு சரியாகிவிடுகிற மாதிரி சின்னதாக ஏதாவது.

எதிர்ச் சுவரில் தொங்கிய அட்டையை மாமியார் மேலிருந்து கீழே மடமடவென்று படித்துக்கொண்டே போனார். கடைசி வரியையும் முடித்துவிட்டு, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தார். அங்கே அப்படி ஒரு பெயர் இருப்பது கண் மருத்துவருக்கே அன்றுதான் தெரியும்.

"இந்த வயசுல இப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததே இல்ல," என்றார் மருத்துவர். சுழியின் முகம் தொங்கிப்போனது.

எழுத்துரு வடிவமைப்பது அவன் தொழில். எழுத்தின் சுழிகள்மேல் அவனுக்கிருந்த பித்தைப் பார்த்து அலுவலகத்தில் வைத்த பேர், வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. நான்கு வருடம் முதுகு ஒடிய உட்கார்ந்து அவன் வரைந்த எழுத்துதான் 'ஒய்யாரம்'. புத்தகத்துக்குள் அடக்கமாக உட்கார்ந்திருக்கிற ரகம் அல்ல. பலகையிலும் சுவரொட்டியிலும் இடுப்பில் கை வைத்து நின்று, போகிறவரைக் கூப்பிடுகிற ரகம்.

நகரப் பேருந்து நிர்வாகத்துக்கு அது பிடித்துப்போனது. முதலில் நாற்பது பேருந்துகளின் ஊர்ப் பலகையில் எழுதிப் பார்ப்போம், இரண்டு மாதத்தில் குறை ஒன்றும் வராவிட்டால் எல்லாப் பேருந்துக்கும் இதுதான் என்றார்கள். பயணிகள் யாரும் வாய் திறக்கவில்லை. வந்த ஒரே புகார் சுழியின் வீட்டிலிருந்து வந்தது.

சனிக்கிழமைகளில் அவனுக்கும் வேலை, மனைவிக்கும் வேலை. இரட்டைப் பிள்ளைகள் இரண்டுக்கும் நாலு வயது, இரண்டும் முழு வால். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர்களைப் பார்த்துக்கொள்ள மாமியார் கடைவீதிப் பேருந்து பிடித்து வருவது வழக்கம். பலகை மாறியதிலிருந்து அவர் வந்து சேரவே இல்லை. நான்கு சனிக்கிழமையும் அவர் போய் இறங்கிய இடம் கடற்கரை.

கடைவீதியைக் கடற்கரை என்று படித்துவிட்டேன், இனிமேல் திரும்பி வந்து என்ன ஆகப்போகிறது, காற்று வாங்கிவிட்டு வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று தொலைபேசியில் சொல்வார். மனைவி விடுப்புப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவாள். வயதாகிறதே, பார்வை மங்குகிறதோ என்று பயந்துதான் சுழி அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தான்.

விஷயத்தைக் கேட்டதும் மனைவி நெற்றியைச் சுருக்கினாள். "அம்மா கண்ணுல ஒண்ணும் இல்லன்னா, வேற எதுலயோ இருக்கு. எதுலன்னு நான் சொல்லணுமா?"

மறுநாள் சுழி பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான், பத்தடி பின்னால் போய்ப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் எழுத்தின்மேல் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எதற்கு அந்த 'ட'வுக்கு அத்தனை வளைவு? கடைவீதியின் 'டை'யில் இருந்த இணைக்கொம்பு போதை ஏறினவன் மாதிரி பக்கத்து எழுத்தின் தோளில் சாய்ந்துகொண்டிருந்தது. மதியத்துக்குள் அவனாலேயே அதைப் படிக்க முடியவில்லை.

பெரியவர்கள் எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்லாமல் இப்படி எங்கெங்கோ போய் இறங்குகிறார்களோ என்று நினைத்தான். அன்றே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினான். 'ஒய்யாரம்' தூரத்திலிருந்து படிக்க உதவாது, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டான்.

தன் வேலையைத் தானே வேண்டாம் என்கிற மனிதரை இதுவரை பார்த்ததில்லை என்று மேலாளர் எழுந்து கை கொடுத்தார். அதே கையோடு, எல்லாப் பேருந்துக்கும் பலகை எழுதும் வேலையைச் சுழியின் சக ஊழியனிடம் ஒப்படைத்தார். அவன் எழுத்தெல்லாம் செங்கல் அடுக்கிய மாதிரி இருக்கும் என்று சுழி ஆறு வருடமாகக் கேலி செய்துகொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை அவன் நேரே மாமியார் வீட்டுக்குப் போனான். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவரின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். நாலு வருட உழைப்பு போனால் போகிறது, இன்னொன்று வரைந்துகொள்ளலாம், அவரை இப்படி அலைக்கழித்ததுதான் மனதை அறுக்கிறது என்றான்.

"பலகையெல்லாம் மாத்தியாச்சு, அத்தை. நாளையிலேருந்து நீங்க பயப்படாம வரலாம்."

மாமியாரின் கை அப்படியே நின்றது. மடித்த துண்டையே மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். அந்தப் பலகை வேலை நிஜமாகவே போய்விட்டதா, கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாதா என்று மெல்லக் கேட்டார். முடியாது என்றான் சுழி.

"என்னை மன்னிச்சிருங்க மாப்பிள்ளை," என்றார். "அந்த ரெண்டையும் நாள் பூரா துரத்த என் உடம்புல தெம்பில்ல. மககிட்ட அதைச் சொல்ல வாயும் வரல."

சுழிக்கு ஒன்றும் புரியவில்லை. "அதுக்கும் பலகைக்கும் என்ன அத்தை?"

"உங்க எழுத்து நல்லாத் தெரிஞ்சுது மாப்பிள்ளை. தெரிஞ்சுதான் ஏறினேன்."